ஆட்டம் பார்க்காத தெரிவாளர்

நம்மிடையே தெரிவாளர் என்றோர் இனம் வாழ்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பதென்ன, போன கிழமைதான் அவரோடு நின்று பிளேன்ரீ குடித்திருப்பீர்கள். கோயிலுக்கு அடுத்த தலைவர் யார், எந்த வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்கும், எந்தப் பெடியனுக்கு எந்தப் பெட்டை சரிவரும், தேர்தலில் யார் மண் கவ்வுவார் என்று எல்லாவற்றையும் முடிவு வருமுன்னே சொல்லிவிடுவார். சொன்னது நடந்தால் "நான் அப்பவே சொன்னனான்" என்பார். நடக்காவிட்டால் ஏலக்காயை மென்று, பிறகு "அதைத்தான் நான் அப்பவே சொன்னனான்" என்பார். முடிவுகள் மாறும். அந்த வசனம் மாறாது.

இந்த இனத்தின் நன்றாக முற்றிய மாதிரி ஒன்று மொன்றியலில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில் இருக்கிறது. பெயர் விமலநாதன். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையல்கூடத்தில் மேற்பார்வையாளர். ஆள் நல்லவர், குடி கிடையாது, பிறர் வம்புக்குப் போகமாட்டார். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் அவருக்கு எதிரே இடம் காலியாக இருந்தால் உட்காராதீர்கள். உட்கார்ந்தவர் கோழியை முடிக்கும் முன் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் பதினைந்து பேரின் கை நீளத்தைத் தெரிந்துகொண்டுதான் எழும்புவார்.

ஏன் கை நீளம்? அதற்கொரு கதை இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் விமலநாதன் கிரிக்கெட்டில் தெரிவாளராக இருந்தார். இந்த ஊரில் அதைக் கேட்க ஆளில்லை. பனி ஹொக்கிக்கு மாறினார். அங்கே கேட்க ஆளிருந்தது, ஆனால் எல்லாரும் இவரைவிட விஷயம் தெரிந்தவர்கள். பாத்திரம் கழுவும் கிழவர்கூடப் பிரெஞ்சில் இரண்டு சொல் சொல்லி இவர் வாயை அடைத்துவிடுவார். மனுசன் பல நாள் வாடிப்போய்த் திரிந்தார். கடைசியில் எதிர்த்துப் பேச ஒரு ஆள்கூட இல்லாத துறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து. அதிலும் ஆட்டம் அல்ல. ஆட்டம் தொடங்கு முன்னே, புதிய ஆட்டக்காரிகளை அணிகள் வரிசைப்படி பங்கிட்டு எடுக்கிற டிராஃப்ட்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவேண்டாம். கேட்காமலே சொல்வார். போன வருடங்களில் தோற்றவர்களுக்கு முதல் பந்தி, வென்றவர்களுக்குக் கடைசிப் பந்தி, முதல் பந்திக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே தோற்காமல் இருக்க, இலக்கம் எழுதிய பந்துகளைக் குலுக்கி யாருக்கு முதல் இடம் என்று பார்ப்பார்கள், மூன்று சுற்று, பெயர் வாசித்ததும் பிள்ளை அழுது, தாயைக் கட்டிப்பிடித்து, மேடை ஏறி, எடுத்த அணியின் சட்டையைத் தூக்கிக் காட்டவேண்டும். அப்படி எடுபட்ட பிள்ளைகளில் கனபேர் பயிற்சி முகாமோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார். மேடையோடு அவருடைய அக்கறை முடிந்துவிடும்.

சரி, இவ்வளவு தெரிந்தவர் ஆட்டம் பார்ப்பாரா? பார்ப்பார் என்றா நினைக்கிறீர்கள்? ஆட்டத்தைப் பற்றி நாலு பேர் இருந்து கதைக்கிற காணொளிகளைப் பார்ப்பார். ஆட்டத்தைப் பார்த்தால் கண் ஏமாற்றிவிடுமாம். "இப்ப இருக்கிற ஆட்டத்தைப் பாக்கக் கூடாது, வரப்போற ஆட்டத்தைப் பாக்கவேணும்" என்பது அவருடைய வேதவாக்கு. ரொறன்ரோவுக்கு அணி வந்ததோடு அவருக்கு மவுசு கூடி, கோயிலில் நின்ற ஒருவர் இவரிடமே வலியப் போய் இந்த முறை யாரை எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டார். அன்று அவர் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

இத்தனைக்கும் அவருடைய வீட்டிலேயே கூடைப்பந்து இருந்தது. மகள் றொஷினி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியின் பெண்கள் அணியில் விளையாடிக்கொண்டிருந்தாள். வெள்ளி பின்னேரங்களில் ஆட்டம். மனைவி யோகராணி பனியோ மழையோ பிளாஸ்கில் தேநீரோடு போய் உட்கார்ந்திருப்பார். தான் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இருந்தவர் அவர். அதைக் கணவர் கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை. விமலநாதன் அந்த நேரம் வீட்டில் சோபாவில் இருந்து, எங்கேயோ ஒரு ஊர்ப் பிள்ளையை எந்த அணி எடுக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பார். மகள் வந்ததும் வெற்றியோ என்று கேட்பார். ஓம் என்றால் தான் நினைத்ததுதான் என்பார். இல்லை என்றாலும் தான் நினைத்ததுதான்.

மேற்குத்தீவுத் தமிழ் விளையாட்டுக் கழகம் கோடைதோறும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கூடைப்பந்துப் போட்டி நடத்தும். நாலு அணி. அணி பிரிப்பது ஊர் வாரியாக. பிள்ளை பிறந்தது மொன்றியல் ஆஸ்பத்திரி என்றாலும், தகப்பன் எந்த ஊர் என்பதுதான் கணக்கு. ஆள் குறைந்தால் தாயின் ஊருக்குக் கடன் கொடுப்பார்கள். றொஷினி இவ்வளவு காலமும் அப்படித் தாயின் ஊருக்குத்தான் விளையாடினாள். பிள்ளைகள் விளையாடும்போது கழகத்தின் ஆண்கள் எல்லாரும் கொத்துரொட்டி போடுகிற பக்கம் நின்று, தீர்ப்பு வழங்கிக்கொண்டிருப்பார்கள். கொத்துச் சத்தத்தில் நடுவரின் விசில் கேட்காது.

இந்த வருடக் கூட்டத்தில் விமலநாதன் எழுந்து, ஊர் பார்த்துப் பிரிப்பது பழைய காலத்துப் பழக்கம், உலகம் எங்கேயோ போய்விட்டது, நாங்களும் ஒரு டிராஃப்ட் வைப்போம் என்றார். அரை மணித்தியாலம் பேசினார். யாருக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிவும் இல்லை. ஆகவே ஏகமனதாக நிறைவேறியது. டிராஃப்ட் தலைவர் விமலநாதன். நாலு அணிப் பொறுப்பாளர்களில் ஒருவரும் விமலநாதன். அவருடைய அணி போன வருடம் கடைசி என்பதால் முதல் பந்தியும் விமலநாதனுக்கே. ஒருவரே நடுவராகவும் ஆட்டக்காரராகவும் இருப்பது சரியா என்று ஒரு பெண் கேட்டார். அவரை வரவேற்புக் குழுவில் போட்டார்கள்.

அந்தக் கிழமை ஒரு காலை, கல்லூரியில் இறக்கிவிடப் போகும்போது றொஷினி காரில் ஒன்று கேட்டாள். அவள் பொதுவாக எதையும் கேட்கிற பிள்ளை அல்ல. காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இவ்வளவு காலமும் அம்மான்ரை ஊருக்குத்தானே விளையாடினனான். ஒருக்கா உங்களுக்கு விளையாட விருப்பம். என்னை எடுங்கோ."

வேறு ஒரு தகப்பன் என்றால் காரை ஓரங்கட்டியிருப்பான். விமலநாதனுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் தெரிவாளருக்கு நெஞ்சு வேறு, பதவி வேறு. டிராஃப்டில் சொந்தபந்தம் பார்க்கேலாது, நடக்கிறதைப் பார்ப்போம் பிள்ளை என்று சொன்னார். அவள் ஓம் என்று பாட்டை மறுபடி காதில் வைத்தாள்.

அவரிடம் திட்டம் இல்லாமல் இல்லை. முதல் ஆளாகச் சொந்த மகளை எடுத்தால் ஊர் என்ன கதைக்கும்? "பாத்தியே, தலைவர் தன்ரை பிள்ளையைத்தான்..." என்று தொடங்கிவிடுவார்கள். ஆகவே முதலில் வேறொருத்தியை எடுப்பது. மற்றவர்களில் யாராவது இரண்டாம் சுற்றில் றொஷினியை எடுப்பார்கள். அவரிடம் போய்ப் பெரிய அணிகள் செய்வதுபோல் ஆளுக்கு ஆள் மாற்றி மகளைத் தன் பக்கம் கொண்டுவருவது. பழியும் இல்லை, பிள்ளையும் கிடைக்கும், அதோடு ஒரு பரிமாற்றம் செய்த பெயரும் கிடைக்கும். என்ன மூளை பாருங்கள். அந்தத் திட்டத்தை மகளிடம் சொல்லவேண்டும் என்பது மட்டும் அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

டிராஃப்ட் நாள் வந்தது. ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். பலூன், மேடை, குத்துவிளக்கு. பந்து குலுக்குவதற்கு அந்தத் தேவாலயத்தின் பிங்கோக் கூண்டையே இரவல் வாங்கியிருந்தார்கள். முதல் இடம் தனக்குத்தான் என்று முன்னமே தெரிந்திருந்தும் விமலநாதன் கூண்டைத் தானே சுழற்றி, தானே எடுத்து, தானே வாசித்து, தானே அதிசயப்பட்டார். முன்வரிசையில் கழகத்தார், அடுத்து தகப்பன்மார், அதற்குப் பிறகு தாய்மார், கடைசியில் சுவரோடு ஒட்டிப் பிள்ளைகள். ஒரு விசேஷம்: நிலம் கீறுப்படும் என்று பராமரிப்பாளர் தடுத்துவிட்டதால் மண்டபத்தில் ஒரு பந்துகூட இல்லை. அது இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை.

முதல் தெரிவாக விமலநாதன் அனுஷா என்ற பிள்ளையின் பெயரை வாசித்தார். ஆறடி உயரம். மேடைக்கு வந்த பிள்ளை ஒலிவாங்கியில் குனிந்து, "அங்கிள், நான் விளையாடுறேல்லை. வயலின்தான் வாசிக்கிறனான். அப்பா பெயரைக் குடுத்திட்டார்" என்றது. விமலநாதன் அசரவில்லை. பிள்ளையின் இரண்டு கையையும் அகல விரிக்கச் செய்து சபைக்குக் காட்டி, இப்ப இருக்கிற ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று தொடங்கினார். சபை கை தட்டியது. அனுஷா கையை விரித்தபடியே நின்றது, பாவம்.

மற்ற மூன்று பொறுப்பாளர்களும் மட்டும் என்ன? போன வருடம் வென்ற மகேந்திரராசா, அக்கா தங்கச்சி இருவரை ஒரே மூச்சில் எடுத்தார், ஒரே காரில் வந்துவிடுவார்களாம். பேரின்பநாதன் கோயில் தர்மகர்த்தாவின் மகளை எடுத்தார். அடுத்த சுற்றில் தனக்குப் பிடித்த பிள்ளையை மேடைக்கு அழைத்து, என்ன படிக்கிறீர், சமைப்பீரா, ராசி என்ன என்று விசாரித்தார். பொறியியல் படித்த மகன் ஒருவன் அவர் வீட்டில் சும்மா இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். எமிலியானுஸ் தான் எடுத்த ஒருத்தியை மகேந்திரராசாவிடம் கொடுத்து, பதிலுக்கு இன்னொருத்தியும் இறுதி நாளுக்கு ஒரு தட்டு மட்டன் ரோல்ஸும் கேட்டார். பேரம் ரோல்ஸில் இழுபட்டது. பேசப்பட்ட இரண்டு பிள்ளைகளும் அணிச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி மேடையிலேயே நின்றார்கள். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அந்தப் பிள்ளைகளுக்கு வரவில்லை.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாயக் கல்வி வளாகத்தில் படிக்கிற ஷபானா என்ற தமிழ்நாட்டுப் பிள்ளையும் பெயர் கொடுத்திருந்தாள். எந்த ஊர் என்று கேட்டார்கள். மேலப்பாளையம் என்றாள். அது எந்தப் பக்கம் என்று நாலு பொறுப்பாளர்களும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். பேந்து பார்ப்போம் என்று அவளைக் கதிரைக்கு அனுப்பினார்கள். அவள் றொஷினிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"ஊரு கேட்டாங்க. எந்தப் பொசிஷன்னு யாருமே கேக்கலையே" என்றாள் ஷபானா.

றொஷினி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு சுற்றிலும் விமலநாதன் மற்ற மூவரின் வாயைப் பார்த்தார், இப்போது யாராவது றொஷினி என்பார்களா என்று. ஒவ்வொரு சுற்றிலும் மற்ற மூவரும் விமலநாதனின் வாயைப் பார்த்தார்கள். தலைவரின் பிள்ளை அல்லவா? அவர் எடுக்க வைத்திருப்பதில் நாங்கள் கை வைப்பது மரியாதையா? நாளைக்கு முகத்தில் முழிக்கவேண்டாமா? அவர் அவர்களுக்காகக் காத்திருக்க, அவர்கள் அவருக்காகக் காத்திருக்க, சுற்றுகள் ஓடி முடிந்தன. நம்முடைய ஆட்கள் ஒருவரை ஒருவர் மதிக்கத் தொடங்கினால் அந்த இடத்தில் நிச்சயமாக ஒரு பிள்ளை நசியும். கடைசி இடத்தை மகேந்திரராசா தன் வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சி மகள் ஒருத்திக்குக் கொடுத்தார். விமலநாதன் கதைகளின் மும்முரத்தில் சுற்றுக் கணக்கை விட்டுவிட்டார். தேநீர் தயார் என்று அறிவித்தார்.

அப்போது தாய்மார் வரிசையில் யோகராணி எழுந்தார். அவர் கூட்டங்களில் பேசுபவர் அல்ல.

"எங்கடை பிள்ளையை ஆர் எடுத்தது?"

எமிலியானுஸ் பேரின்பநாதனைப் பார்த்தார். பேரின்பநாதன் மகேந்திரராசாவைப் பார்த்தார். அண்ணை எடுப்பார் என்றுதான் நாங்கள் விட்டது என்று மகேந்திரராசா முணுமுணுத்தார். விமலநாதன் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் புரட்டினார். ஆனாலும் தெரிவாளர் அல்லவா, ஒலிவாங்கியை விடவில்லை. பெரிய லீக்கிலும் எடுபடாத பிள்ளைகள் உண்டு, எடுபடாதவர்கள் எந்த அணியோடும் சுதந்திரமாகப் பேசலாம், அதுவும் ஒரு நல்ல வாய்ப்புத்தான் என்று விளக்கம் சொன்னார். மகேந்திரராசா உதவி செய்ய நினைத்து, சரி அண்ணை, பிள்ளை எந்த இடத்தில் விளையாடுகிறவ என்று கேட்டார்.

எங்கேயோ ஊர்களில் உள்ள பிள்ளைகளின் தோள், முழங்கால், பாட்டன் தொழில் வரைக்கும் அறிந்த மனிதர் வாயைத் திறந்தார். "சென்டர்" என்றார் கடைசியில். சென்டர் என்றால் கூடைக்குக் கீழே நிற்கிற ஆகப் பெரிய ஆள். விமலநாதன் உயரமானவர் அல்ல. றொஷினி அவருடைய தோளுக்கு வருவாள்.

"கார்ட், அப்பா. பந்தைக் கொண்டுவாற ஆள்" என்றாள் றொஷினி பின்னாலிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்ட ஒருவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

அதன் பிறகு நாலு அணிக்கும் அவள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. இஞ்சை வாங்கோ பிள்ளை, எங்கடை அணியில் இடமிருக்கு என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். விமலநாதனும் கூப்பிட்டார், எல்லாருக்கும் கடைசியாக. "வேண்டாம் அங்கிள், மேர்சி" என்று அவள் பிரெஞ்சில் ஒரு நன்றியும் சேர்த்துப் பொதுவாகச் சொன்னாள். தகப்பனுக்கும் அங்கிள்மாருக்கும் சேர்த்து ஒரே பதில். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஷபானாவோடு வெளியே போனாள். விமலநாதனுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு டோர்வலில் ஒரு பிரெஞ்சுக் கழகம் புதிய ஆட்டக்காரிகளுக்குத் தேர்வு வைத்தது. றொஷினி, ஷபானா இரண்டு பேரும் பதிந்திருந்தார்கள். விமலநாதன் வேலையை மாற்றிக்கொண்டு தானே காரில் கூட்டிப்போனார். இறங்கும்போது றொஷினி, உள்ளே வந்து பார்க்கலாம் அப்பா, விடுவார்கள் என்றாள். வாறன், போங்கோ என்றார். வாசல் வரைக்கும் போனதும் உண்மை. கண்ணாடிக்கு அப்பால் பந்துச் சத்தம் கேட்டது. தகப்பன் நின்றால் பிள்ளை பதறிவிடும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொன்னார். அந்த நேரம் பார்த்து மகேந்திரராசா கைபேசியில் கூப்பிட்டார். விமலநாதன் காருக்குத் திரும்பி வந்து, றொஷினியை முதல் ஆளாகவே எடுப்பார்கள், ஏன் எடுப்பார்கள், எடுத்தபின் அந்தக் கழகம் எப்படி மாறும் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க விளக்கினார். மகேந்திரராசா நடுவில் போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய் வந்திருக்கிறார்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஷபானா நடைபாதையில் நின்று யாரிடமோ போனில் குதித்துக் குதித்துப் பேசிக்கொண்டிருந்தாள். றொஷினி வியர்வையோடு முன்சீட்டில் வந்து விழுந்தாள். எடுத்தவையோ என்று கேட்டார்.

"ஷபானாவை எடுத்திட்டினம். என்னை எடுக்கேல்லை."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் விமலநாதனுக்கு விளங்கவில்லை. பயிற்றுநர் ஒரு பெண், தன்னைத் தனியாகக் கூப்பிட்டு இருத்தி, இடது கை வேலை செய்யவில்லை, ஓடும்போது கண் பந்திலேயே இருக்கிறது, கோடை முழுக்கப் பழகிவிட்டு செப்டெம்பரில் வா என்று சொன்னதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அதையே இன்னொரு முறை சொன்னாள், யாரோ பரிசு கொடுத்ததுபோல்.

"காலமை முழுக்க என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவ, அப்பா."

விமலநாதன் காரை எடுத்தார். ஷபானாவும் வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். சந்தியில் சிவப்பு விழுந்தது. பேச ஏதாவது வேண்டுமே என்று, பழக்கதோஷத்தில் தலையை ஆட்டி, "இடது கை. நான் அப்பவே சொன்னனான்" என்றார்.

"எப்ப பாத்தனீங்கள், அப்பா?"

பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

சிரியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எழும்பிப் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த மண்டபத்தில் இருந்த பிள்ளைகளுக்குள் றொஷினிதான் திறமைசாலி, அவளைக் கைவிட்ட நாலு பேரும் முட்டாள்கள் என்று நீங்கள் எப்போதோ முடிவு கட்டிவிட்டீர்கள், இல்லையா? தேர்வுக்குப் போனதும் அவளுக்கு முதல் இடத்தை மனத்துக்குள் கொடுத்தும் விட்டீர்கள். எதை வைத்துக் கொடுத்தீர்கள்? அவள் ஒரு பந்தைத் தட்டியதாக நான் எங்கேயாவது சொன்னேனா? அவள் யாருடைய மகள் என்று பார்த்தீர்கள், முகம் வாடியதைப் பார்த்தீர்கள், எடுத்துவிட்டீர்கள். ஷபானாவின் பெயர் உங்கள் வாயிலும் வரவில்லை. நாளைக்கு இந்தக் கதையை யாருக்காவது சொல்லும்போது, அவளை எடுக்கமாட்டார்கள் என்பது பாதியிலேயே தெரிந்துவிட்டது என்றும் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். டோர்வலில், சாப்பாட்டு இடைவேளையில், விமலநாதனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாகத்தான் இருக்கிறது.